அமுக்கிப் பிடித்த கை

என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் இரண்டையும் ஒடித்துப் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நாளைக்கு நாலு தடவை தோன்றிய மாதம் அது. ஐயோ பாவம் என்பீர்கள். கண் தெரியாத ஒருவருக்கு, அதுவும் இருபத்தாறு வருஷம் பவர் பிரஸ் ஓட்டிய ஒருவருக்கு, டச் போன் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு வந்து சொல்லுங்கள், பாவம் யாரென்று.

பவர் பிரஸ் என்றால் இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கிற மிஷின். அதில் இரண்டு பட்டன், இந்தக் கைக்கு ஒன்று, அந்தக் கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற பாரம் இறங்கும். இறங்கி, அடித்து, திரும்ப மேலே ஏறுகிறவரை கையை எடுக்கக் கூடாது. பட்டன் மேல் கை இருந்தால் மிஷினுக்குள் இல்லை என்று அர்த்தம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலருக்கு விரலில் ஏதாவது ஒரு குறை இருக்கும். இவருக்குப் பத்தும் முழுசு. பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் அப்பாவிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டியவர். வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கே அந்த அலட்டல்.

அந்தப் பெருமைதான் என் உயிரை வாங்கியது. கண் தெரியாதவர்களுக்கென்று போனுக்குள் பேசுகிற குரல், "இயக்க, இருமுறை தட்டவும்" என்று சொல்லும். தட்டுவது என்றால் தட்டிவிட்டு விரலை எடுக்க வேண்டும். இவர் எடுக்க மாட்டார். அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வேலை முடிகிறவரை காத்திருப்பார். அதையாவது ஒரு கையால் செய்வாரா என்றால் அதுவும் இல்லை. இரண்டு கட்டைவிரலும் சேர்ந்தேதான் இறங்கும். இரண்டு விரல் பட்டால் போன் அதை வேறு ஏதோ உத்தரவு என்று எடுத்துக்கொண்டு பக்கத்தை எங்கேயோ தள்ளிவிட்டுப் போய்விடும்.

"எட்றா கைய!" என்று கத்துவேன். கட்டின புருஷனை 'டா' போட்டது அந்த மாதத்தில்தான்.

"வேல முடியாம எப்டிமே எடுக்கறது?" என்பார், நிஜமாகவே புரியாமல்.

சர்க்கரை அவர் கண்ணை ஒரே நாளில் எடுத்துவிடவில்லை. முதலில் இரவில் பஸ் நம்பர் தெரியவில்லை. பிறகு பேப்பரில் எழுத்து நெளிந்தது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், நாங்கள் போய்ப் பார்த்தது தாமதம் என்று டாக்டர் சொன்னார். ஒன்றரை வருஷத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் மிச்சம். கண் தெரியாதவரை யார் பிரஸ்ஸில் நிறுத்துவார்கள்? வீட்டில் உட்கார்ந்தார்.

எங்கள் வீடு அம்பத்தூர் மேனாம்பேட்டில். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், தெரு முழுக்க அண்ணன் தம்பி முறைக்காரர்கள். முதல் மாதம் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது மாதம் வாசலோடு, "இன்னா அண்ணாத்தே, எப்டி கீற?" என்று கேட்டுவிட்டு நடந்தார்கள். ஐந்தாவது மாதம் அதுவும் இல்லை. சோற்றுக்குப் பயமில்லை. நான் ப்ளவுஸ் தைக்கிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் அது போதும். என் பயமெல்லாம் அவரைப் பற்றித்தான். சவரம் செய்வதை விட்டார். சுவரைப் பார்த்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் குளிக்கச் சொன்னபோது, "எங்க போவப் போறேன், குளிக்கறதுக்கு?" என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

அப்போதுதான் அவருடைய முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷர். கம்பெனி கேட்டில் ஒரு வேலை இருக்கிறது என்றார். லாரி வந்தால் டிரைவரிடம் என்ன சரக்கு என்று கேட்டு, ஸ்டோருக்குச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து எந்த வண்டியை விடலாம் என்று தகவல் வந்தால் வாட்ச்மேனிடம் சொல்லிக் கேட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். கண் வேண்டாம், வாயும் காதும் போதும். ஆனால் எல்லாத் தகவலும் கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடுகிறது, பட்டன் போனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"ஒரு மாசம் எடுத்துக்கப்பா. போன் பழகிக்கினு வா. ஒரு நாள் உக்காந்து பாரு. ஓடுச்சின்னா ரிட்டயர் ஆவற வரைக்கும் உன் சீட்டு அதான்" என்றார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சொல்லாமலே போய்க் குளித்துவிட்டு வந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழியில்லை. இது நடந்தே ஆக வேண்டும், நடக்காவிட்டால் இவர் மறுபடி அந்தச் சுவருக்கே போய்விடுவார் என்பது மட்டும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகள் ஒரு டச் போனை வாங்கிவந்து, அதில் பேசும் குரலைப் போட்டுக்கொடுத்துவிட்டு இரண்டே நாளில் திரும்பிவிட்டாள். விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை அந்தக் குரல் சொல்லும். அது வேண்டும் என்றால் இரண்டு தட்டு. கேட்க எவ்வளவு சுலபம். அந்தக் குரல் பொம்பளைக் குரல், பாடப் புத்தகத் தமிழ். என் வீட்டுக்காரர் முதல் நாளே, "உன்ன மாரி இல்லமே, மரியாதையா பேசறா" என்றார். பேசட்டும், அவளா இவருக்குத் தினமும் சர்க்கரை ஊசி போடப் போகிறாள்?

நான் சொல்லிக்கொடுத்த லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். "கீழ பச்சையா கீது பாரு, அத்த தொடு" என்பேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வேன். "கீழன்னா எந்தக் கீழ?" என்று அவர் கேட்பார். "அதோ அங்க" என்பேன். எங்கே அங்கே? கடைசியில் பொறுமை போய், வெடுக்கென்று போனைப் பிடுங்கி நானே தட்டிவிட்டு, "இப்டிதான், புரிஞ்சுதா?" என்று திருப்பிக் கொடுப்பேன். அவர் கையில் என்ன புரியும்? தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் இப்படி இழுபறி நடக்கும்போது அவர் அமுக்கிய அமுக்கில் போன் எங்கள் சம்பந்திக்குப் போய்விட்டது. எங்களுக்குத் தெரியாது. "நீ ஒரு மண்ணும் கத்துக்க மாட்ட, உன் வம்சமே இப்டிதான்" என்று நான் கத்த, "உங்கப்பன் வம்சம் மட்டும் கலெக்டரா?" என்று அவர் கத்த, இதையெல்லாம் ஓசூரில் சம்பந்தியம்மா பொறுமையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில், "அண்ணி, அப்புறமா பேசட்டுங்களா?" என்று போனிலிருந்து சத்தம் வந்தபோது எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பத்து நாள் போனது. அவரால் ஒரு போன்கூட எடுக்க முடியவில்லை. போடுவது அடுத்த பேச்சு. பதினோராவது நாள் லைனிங் துணி வாங்க அம்பத்தூரிலிருந்து ரயிலில் போனேன். பெட்டியில் கண் தெரியாத ஒருவர் ஊக்கும் சீப்பும் விற்றுக்கொண்டிருந்தார். வில்லிவாக்கம் தாண்டியதும் கம்பியில் சாய்ந்து நின்று போனைக் காதில் வைத்து, ஒரே விரலால் தடதடவென்று தட்டினார். அதே குரல்தான், ஆனால் நான்கு மடங்கு வேகத்தில். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. வெட்கத்தை விட்டு எழுந்து போய், வேண்டாத இரண்டு சீப்பை வாங்கிக்கொண்டு, என் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "யக்கா, தப்பு உம்மேலதான். அவரு கைலேர்ந்து போன புடுங்காத. மொதல்ல நீ கண்ண மூடிக்கினு ஒரு நாளு பண்ணிப் பாரு. அப்பறம் வாயால சொல்லாத, அவரு கைமேல தட்டிக் காட்டு."

வீட்டுக்கு வந்து, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அவர் போனோடு உட்கார்ந்தேன். என் மகளுக்கு ஒரு போன் போட வேண்டும், அவ்வளவுதான். எத்தனை முறை தடவினாலும் வந்த இடத்துக்கே வந்தேன். எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல், தொட்டால் என்ன ஆகுமோ என்று விரலெல்லாம் கூசியது. துணியை அவிழ்த்து எறிந்தேன். நான் அவிழ்த்துவிடலாம். அவர் என்ன செய்வார் என்று நினைத்ததும், பத்து நாளாக நான் கத்தியதெல்லாம் திரும்பி வந்து என் முகத்தில் அறைந்தது.

அன்றிலிருந்து அவர் புறங்கையை என் மடியில் வைத்து, அதன்மேல் தட்டிக் காட்டினேன். டக் டக். எடுத்துவிடு. டக் டக். எடுத்துவிடு. "தோசக்கல்லு காஞ்சிச்சான்னு தொட்டுப் பாக்கறோம்ல, அத்த மாரி. வெச்சா சுட்டுடும்" என்றேன். இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஒரு மனுஷனின் இருபத்தாறு வருஷப் பழக்கத்தை, அவர் விரல்களைக் காப்பாற்றிய பழக்கத்தை, நான் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தேன். சில சமயம் தூக்கத்திலும் அவருடைய இரண்டு கட்டைவிரலும் ஒன்றாக இறங்கிப் போர்வையை அமுக்கிப் பிடித்திருக்கும்.

மெல்ல வந்தது. அடிக்கிற போனை எடுத்துப் பேசினார். ஒரு வாரத்தில் குரலாகவே மெசேஜ் பதிந்து அனுப்பக் கற்றார். வந்த மெசேஜை அந்தப் பொம்பளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கக் கற்றார். போன் போடுவதுதான் தகராறு. என் பெயருக்குப் போகிற வழியில் எங்கேயாவது விரல் கொஞ்சம் அதிகமாகத் தங்கிவிடும், எல்லாம் கலைந்துவிடும். நான் பக்கத்தில் இருந்து "எடு எடு" என்று சொன்னால் சரியாக வரும். தனியாக வரவே இல்லை.

இதற்கு நடுவில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். என் போனில் சார்ஜ் இல்லை. ஒரு ப்ளவுஸ் டிசைனை அவசரமாகப் பார்ப்பதற்காக அவர் போனை எடுத்தேன். அந்தக் குரல் இருந்தால் நமக்கு ஒரு வேலையும் ஓடாது, எதைத் தொட்டாலும் பேசிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தி, வேலையை முடித்து, அப்படியே அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டேன். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான் நினைவு வந்தது. அரிசிப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன். பேசாத கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் எப்படித் தவிக்கிறாரோ என்பதே வழியெல்லாம் நினைப்பு.

வந்து பார்த்தால் போன் பேசிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மிஷினு நின்னு பூட்ச்சின்னு நெனச்சேன். பக்கத்துல ரெண்டு பட்டன் இருந்துச்சு. சேத்து அமுக்கிப் புட்ச்சேன். அந்தப் பொம்பள திரும்பி வந்துட்டாமே!" என்றார்.

குரலைத் திரும்பக் கொண்டுவர வழியே அதுதானாம், சத்தத்தைக் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடிப்பது. எனக்கே அது தெரியாது. கண் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன், உடனே அழுதேன். அரிசிப் பையை அப்புறம் போய் எடுத்துவந்தேன்.

மாதம் முடிந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் அவரே சவரம் செய்துகொண்டார், காதோரம் ஒரு கீறலோடு. பழைய காக்கிச் சட்டையைத்தான் போடுவேன் என்று பிடிவாதம். ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனேன். கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். யாரோ வந்து அவர் போனைக் கம்பெனி குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். "நீ போமே, நின்னுகினு இருந்தா நம்மள இன்னா நெனப்பாங்க" என்றார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பார்க்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஒரு தடவை கையைத் தூக்கிக் காட்டினார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை அந்த வாட்ச்மேன்தான் எனக்குச் சொன்னார். அரைமணி நேரத்தில் முதல் லாரி வந்தது. இவர் டிரைவரிடம் விசாரித்து, குரலைப் பதிந்து, சுத்தமாக அனுப்பினார். டக் டக். வாட்ச்மேனே அசந்துவிட்டாராம். பதிலுக்குப் போன் ஒலித்தது. தொட்டார். குரல் சொன்னது: "புகைப்படம்." இன்னொரு ஒலி. "புகைப்படம்." மறுபடியும் "புகைப்படம்."

அந்தக் கம்பெனியில் யாரும் எதையும் எழுதி அனுப்புவதில்லை. பேசியும் அனுப்புவதில்லை. கையால் கிறுக்கிய டெலிவரி சலானைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள். எந்த வண்டியை விடலாம், எதை நிறுத்தலாம், எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். நான் ஒரு மாதம் அவரோடு மல்லுக்கட்டினேனே, அந்த குரூப்பில் என்னதான் போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? முதலாளிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கண் இருக்கிறவர்கள் புத்தி அப்படித்தான். போட்டோவில் இருப்பதைப் படித்துச் சொல்லவும் வழி இருக்கிறது என்று மகள் பிறகு சொன்னாள். கார்பன் தாளில் கிறுக்கியதை அது படித்த அழகையும் பிறகு பார்த்தேன், ஒரு எண்கூடச் சரியாக வரவில்லை.

இவர் விடவில்லை. மறுபடி குரலைப் பதிந்தார். "நான் கேட்லேர்ந்து பேசறேன். போட்டோ வாணாம்பா, எனுக்கு கண்ணு தெரியாது. வாயால சொல்லுங்க." குரூப்பில் முப்பது பேர். ஒருவர் கட்டைவிரல் படம் போட்டாராம். அதற்குக் கீழே இரண்டு போட்டோ வந்து விழுந்தன. உள்ளே மிஷின் சத்தத்தில் யார் குரலைப் போட்டுக் கேட்கப் போகிறார்கள்? தப்பு என்று யாரையும் சொல்ல முடியாது. கேட்டுக்கு உள்ளே இரண்டு வண்டி, வெளியே மூன்று வண்டி. ஹாரன் அடிக்கிறார்கள், டிரைவர்கள் இறங்கி வந்து கத்துகிறார்கள். வாட்ச்மேன் ஓடிவந்து போட்டோவைப் பார்த்துப் படித்துச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே நேராகக் கேட்டைத் திறந்துவிட்டார். நடுவில் நாற்காலியில் ஒருவர் எதற்கு?

பத்தரைக்கு முதலாளி இறங்கி வந்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தோளில் கை போட்டு, "போட்டோ இல்லாம இங்க ஓடாதுப்பா. நான் யோசிச்சிருக்கணும். எம்மேலதான் தப்பு" என்றாராம். "நீ இரு, உங்க ஊட்ல நான் போன் போட்டுச் சொல்றேன்."

"வாணாம் சார்" என்றாராம் இவர். "நானே போடறேன்."

இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். எதற்கு என்று வாட்ச்மேனுக்குப் புரியவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் வீட்டில் ஒரு கைப்பட்டியை மூன்றாவது தடவையாகத் தப்பாகத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் பெயர். பக்கத்தில் நான் இல்லை, "எடு எடு" என்று சொல்ல யாரும் இல்லை. ஒரு மாதமாக வராதது வந்துவிட்டது. அங்கே வேலையும் சரியாக ஓடுகிறது, அந்தத் தைரியத்தில்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவரை ஒரு வார்த்தை பேச விடாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"யோவ்! நீயேவா போட்ட? யாரும் கை வெக்கலயே? நெஜமா சொல்லு!"

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது.

"யாரும் தொடலமே. நானேதான் போட்டேன்" என்றார். "வந்து இட்டுகினு போ."